யாரும் எதுவும் கேட்காத காம்பவுண்டு

பொங்கியம்மாள் காம்பவுண்டின் முதல் கதவு மூன்றாம் வீட்டுப் பாவாத்தாளின் பின்சுவரில் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் இருந்தது. முளைத்தது என்றோ தோன்றியது என்றோ யாரும் சொல்லவில்லை, இருந்தது என்றுதான் சொன்னார்கள். நீல வர்ணம் உரிந்து, கொண்டி தேய்ந்து, கீல் துருப்பிடித்து, அவள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே அங்கே இருந்த கதவைப் போல அது இருந்தது. பாவாத்தாள் திறந்து பார்த்தாள். ஒரு கட்டில் போடும் அளவுக்கு அறை, சாணி மெழுகிய தரை, குளுகுளுவென்று காற்று. அரிசி மூட்டையையும் மாமியாரின் பழைய டிரங்குப் பெட்டியையும் உள்ளே தள்ளிவிட்டு, ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதென்று பனியன் கம்பெனிக்குக் கிளம்பிப் போனாள்.

அந்த வாரத்துக்குள் மற்ற வீடுகளுக்கும் கதவு வந்துவிட்டது. வீடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். நீளமான ஒரு கூரையைப் பதினொன்றாக வகிர்ந்து, ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதவும் ஒரு ஜன்னலும் வைத்து, முன்னால் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாயும் கோடியில் ஒரு கக்கூசும் கட்டி விட்டிருந்த லைன் வீடுகள் அவை. சமையலும் தூக்கமும் சண்டையும் சமாதானமும் அந்த ஒரே அறைக்குள்தான். பெண்கள் சேலை மாற்ற வேண்டுமென்றால் திரும்பிக்குங்க என்பார்கள், புருஷனும் கொழுந்தனும் மாமனாரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொள்வார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இன்னொரு அறை கிடைக்கிறது என்றால் அது எங்கிருந்து வந்தது என்று யார் ஆராய்ந்துகொண்டிருப்பார்கள்? வாடகை வாங்கும் வீட்டுச் சொந்தக்காரர் வந்து பின்பக்கம் சுற்றிப் பார்த்தார். சாயத் தண்ணி ஓடும் பள்ளமும் வெறும் சுவரும்தான் தெரிந்தன. வெளியே இல்லாத அறைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்று சொல்லிவிட்டு அவர் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

அறைகளின் நியாயம் என்னவென்று தெரிந்தது பத்தாம் வீட்டுக் கிட்டம்மாளால்தான். அவளுக்கு வயிற்றில் எதுவும் தங்காது. மருமகளுக்கு நாள் தள்ளிப் போயிருப்பதை மூன்று மாசம் முடியும்வரை வெளியே சொல்லக் கூடாதென்று மகன் கெஞ்சிக் கேட்டிருந்தான், அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் குழாயடியில் குடம் நிறைவதற்குள் அது வாயிலிருந்து வழுக்கி விழுந்துவிட்டது. அந்த நிமிஷமே அவள் வீட்டுக்குள் தடதடவென்று சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால் பின்சுவர் வெறும் சுவராக நிற்க, உள்ளே வைத்திருந்த தொட்டிலும் வெங்காயக் கூடையும் கிரைண்டரும் முன்னறையில் குப்பையாகக் கிடந்தன. அப்போதுதான் விஷயம் விளங்கியது. அறை என்பது அவரவர் மூடி வைத்திருக்கிற விஷயத்தின் அளவு. பெரிய விஷயம், பெரிய அறை. யாராவது மோப்பம் பிடித்தால் சுவர் விரல் விரலாக உள்ளே நகரும், வாய்விட்டுச் சொல்லிவிட்டால் ஒரேயடியாகப் போய்விடும். கிட்டம்மாளுக்கு அதற்குப் பிறகு உப்பு ஜாடி வைக்கும் அளவுக்கு ஒரு மாடம்தான் வாய்த்தது, அதுவும் மாசத்தில் பாதி நாள் இருக்காது.

ஆகவே காம்பவுண்டு கேட்பதை நிறுத்திக்கொண்டது. யாரும் கூட்டம் போட்டுத் தீர்மானிக்கவில்லை, தானாகவே நின்றது. முன்பெல்லாம் ஒருவன் புதிதாகக் குடிவந்து பாயை இறக்கி வைப்பதற்குள் அவன் ஊர், தொழில், பெண் எடுத்த இடம், முழங்காலில் தழும்பு வந்த கதை எல்லாம் குழாயடிக்கு வந்து சேர்ந்திருக்கும். இப்போது எங்கே போகிறாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. உன் வீட்டில் நேற்று அழுதது யார் என்று கேட்பதில்லை. என்ன குழம்பு என்றுகூடக் கேட்பதில்லை, எந்தக் கேள்வி யார் சுவரை நகர்த்தும் என்று யாருக்குத் தெரியும்? அறைக்குள் போய் அழுதார்கள், அறைக்குள் படித்தார்கள், மருமகள்கள் அறைக்குள் சேலை மாற்றினார்கள். பெரிய அறை வைத்திருப்பவர்களைச் சின்ன அறைக்காரர்கள் கொஞ்சம் பயத்தோடும் கொஞ்சம் பொறாமையோடும் பார்த்தார்கள்.

நான்காம் வீட்டுத் துளசிமணிக்கு ஆரம்பத்தில் அலமாரி அளவுக்குத்தான் இருந்தது. அதற்குக் காரணமான விஷயம் இந்தக் கதைக்கு வேண்டாம், அது அவளுடையது. பிள்ளையில்லாதவள், கம்பெனியில் செக்கிங் வேலை, பனியனில் ஊசி முனையளவு ஓட்டை இருந்தாலும் கண்ணில் படாமல் தப்பாது. அவளுடைய வீட்டுக்காரன் ஆறுச்சாமி சாயப்பட்டறையில் வேலை செய்தான், முழங்கை வரைக்கும் எப்போதும் நீலமாகவே இருப்பான், அதிகம் பேசமாட்டான். ஆடி மாசத்தில் ஒருநாள் துளசிமணி தன்னோடு வேலை செய்யும் சுகந்தி என்ற பெண்ணுக்குத் தன் சேலையைச் சுற்றி, தலையில் துண்டைப் போர்த்தி, யாரும் பார்க்காத வேளையில் அழைத்து வந்து அந்த அலமாரிக்குள் நிறுத்தினாள். மறுநாள் காலையில் அது அலமாரியாக இல்லை. கட்டிலும் போட்டு, நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடவும் செய்யலாம் என்ற அளவுக்கு விரிந்திருந்தது.

சுகந்தி மனசுக்குப் பிடித்தவனைக் கோயிலில் வைத்துக் கட்டிக்கொண்டவள். அவன் வேற்றுச் சாதி. தாலி ஏறிய அன்றைக்கே அவளுடைய பெரியப்பன் வகையறா அரிவாளோடு தேட ஆரம்பித்துவிட்டார்கள். வெளியூரில் வேலையும் வீடும் பார்த்துவிட்டு வந்து கூட்டிப்போகிறேன், அதுவரைக்கும் பார்த்துக்கொள்ளுங்கக்கா என்று அந்தப் பையன் கம்பெனி வாசலில் நின்று துளசிமணியிடம் கேட்டபோது அவளால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. புருஷனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அறை சுருங்கும் என்ற பயம் ஒன்று. அவன் வெள்ளந்தி, யாராவது மிரட்டிக் கேட்டால் முகமே காட்டிக் கொடுத்துவிடும் என்பது இன்னொன்று. பின்சுவரில் பெரிதாகிவிட்ட கதவை ஆறுச்சாமி பார்த்தான், பார்த்துவிட்டுச் சோற்றைப் பிசைந்தான். அவன் கேட்கவில்லை. கேட்காமல் இருக்கிறானே என்று துளசிமணிக்கு முதலில் நிம்மதியாக இருந்தது, பிறகு அந்த நிம்மதியே உறுத்தலாயிற்று.

கடைசி வீடு காலியாக இருந்தது. புரட்டாசியில் ஒருவர் அதற்குக் குடிவந்தார். ஐம்பது வயசிருக்கும், வெள்ளை வேட்டி, படிய வாரிய தலை, கனிவான குரல். முன்பானால் கிட்டம்மாள் அவருடைய மூன்று தலைமுறையை உரித்துத் தோரணம் கட்டியிருப்பாள். இப்போது வாங்க என்றார்கள், குழாயைக் காட்டினார்கள், தண்ணி வரும் நாளைச் சொன்னார்கள், அத்தோடு சரி. பேர்கூடத் தெரியாததால் கடைசி வீட்டண்ணன் என்று கூப்பிட்டார்கள். அவர் குழாய்க்கு வாஷர் மாற்றிக் கொடுத்தார், பாவாத்தாளின் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு மிட்டாய் வாங்கி வந்தார், கக்கூஸ் கதவின் தாழ்ப்பாளைச் சரிசெய்தார். அவர் வந்த முதல் நாளே அந்த வீட்டுப் பின்சுவரில் இரட்டைக் கதவு இருந்தது. கல்யாண மண்டபத்துக்கு இருக்குமே, அந்த மாதிரிக் கதவு. பாத்திரம் கொடுக்கப் போனபோது அதைப் பார்த்துவிட்டு வந்த பாவாத்தாள், எத்தனை பெரிய மனசுக்குள் எத்தனை பெரிய துக்கமோ, பாவம் என்றாள். கேட்டவர்கள் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். பெரிய அறைக்குள் துக்கம்தான் இருக்கும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

ஐப்பசி மழையோடு துளசிமணியின் அறை சுருங்கத் தொடங்கியது. முதலில் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே சுகந்தி நடந்துபோகும் இடம் போயிற்று. பிறகு கட்டிலையே நிமிர்த்திச் சாய்த்து வைக்க வேண்டியதாயிற்று. அக்கா, ராத்திரி சுவரு முதுகத் தொடுதுங்கக்கா என்று சுகந்தி சொன்னபோது துளசிமணிக்குப் புரிந்துவிட்டது. யாரோ ஒருவருக்குத் தெரிகிறது, தினம் தினம் இன்னும் கொஞ்சம் தெரிகிறது. ஆனால் யார்? கம்பெனியில் பக்கத்து மேஜைக்காரி சிரித்தால் இவளோ என்று இருந்தது. பாவாத்தாள் பேசாமல் போனால் இவளோ என்று இருந்தது. ஆறுச்சாமி ராத்திரி ஷிப்டு என்று கிளம்பும்போது வாசலில் நின்று அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவான், அதைப் பார்த்தால் இவர்தானோ என்றும் இருந்தது. புருஷனைச் சந்தேகப்பட்ட பாவத்துக்கு அவள் தன்னையே திட்டிக்கொண்டாள், திட்டிக்கொண்டே மறுபடியும் சந்தேகப்பட்டாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் கடைசி வீட்டண்ணன் ஒரு தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு வீடு வீடாக வந்து, அரிசி மாவும் வெல்லமும் கலந்து சுட்ட கச்சாயம் கொடுத்தார். ஊரிலிருந்து வந்தது, ஆளுக்கு ஒன்று எடுத்துக்குங்க என்று அவரே எண்ணி வைத்தார். பாவாத்தாள் வீட்டில் தாயும் இரண்டு பிள்ளைகளும், மூன்று வைத்தார். கிட்டம்மாள் வீட்டில் நாலு பேர், நாலு வைத்தார். துளசிமணியின் தட்டிலும் மூன்று வைத்தார். அவர் நகர்ந்த பிறகுதான் அது அவளுக்கு உறைத்தது. இரண்டு பேர் இருக்கும் வீட்டுக்கு எதற்குங்க மூன்று என்று எந்த ஊரிலும் எந்தப் பெண்ணும் சிரித்துக்கொண்டே கேட்டிருப்பாள், கூட ஒன்று இருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள். கேட்காமலே பழகிப்போன வாயோடு துளசிமணி தட்டை வாங்கி உள்ளே வைத்துவிட்டிருந்தாள். கேட்காமல் வாங்கிக்கொண்டதுதான் அவருக்கு வேண்டியிருந்த பதில். அவள் ஓடிப்போய் அறைக் கதவைத் திறந்தபோது சுவர் மளமளவென்று உள்ளே வந்து, சுகந்தி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்காரும் அளவுக்கு நின்றது.

சுகந்தி கச்சாயத்தைக் கையில் வாங்கியதும் முகர்ந்தாள். அவள் முகம் மலர்ந்ததைத் துளசிமணி அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தாள்.

"எங்கம்மா சுட்டதுங்கக்கா. எங்கம்மா மட்டுந்தான் சுக்கு இத்தன போடும். மாமா வந்திருக்குதா? எங்க மாமா ஒருத்தருதான் எனக்காவப் பேசுவாரு. அவரு என்னைய ஒண்ணும் பண்ணமாட்டாருங்கக்கா."

நல்லவராகத்தான் இருப்பாரோ என்று துளசிமணிக்கும் ஓர் ஆசை எழுந்தது, அந்த ஆசை அவளைப் பயமுறுத்தியது. அன்று சாயங்காலம் குழாயில் தண்ணி வந்தது. கடைசி வீட்டண்ணன் தோளில் துண்டோடு குளிக்கப் போனதைப் பார்த்துவிட்டு, அந்தக் காம்பவுண்டில் யாரும் செய்யாத காரியத்தை அவள் செய்தாள். அவர் வீட்டுக்குள் நுழைந்து இரட்டைக் கதவைத் தள்ளினாள்.

உள்ளே மண்டபம் மாதிரி இருந்தது. கூரை எங்கே முடிகிறதென்று தெரியவில்லை. ஆனால் சாமான் ஒன்றுமில்லை. தரை முழுவதும் செம்மண், புதிதாக உழுத காட்டைப் போல. நடுவில் ஒரு குழி. ஆள் நீளத்துக்கு, ஒரு பெண்ணின் நீளத்துக்கு, ஓரங்களை மண்வெட்டியால் சீராகச் செதுக்கி வெட்டிய குழி. பக்கத்தில் மடிப்புக் கலையாத ஒரு பட்டுச்சேலை, குங்குமச்சிமிழ், வாடிக்கொண்டிருந்த ஒரு மாலை. துளசிமணிக்கு எல்லாமே விளங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இல்லாத அறை. அதற்குள் புதைத்துவிட்டு இரட்டைக் கதவைச் சாத்திவிட்டால் போலீசும் வராது, நாயும் மோப்பம் பிடிக்காது, உடம்பும் இருக்காது. அந்த மனுஷன் சாகும்வரை வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவரால் அது முடியும். சுகந்தியின் அறை அடியோடு சுருங்கி அவளை முன்னறைக்குத் தள்ளும் ஒரு பகல் வரும், துளசிமணி கம்பெனியில் இருப்பாள், ஆறுச்சாமி ராத்திரி ஷிப்டு முடிந்து அடித்துப் போட்டதுபோலத் தூங்குவான். அந்தப் பகலுக்காகத்தான் அவர் வாஷர் மாற்றிக்கொண்டும் மிட்டாய் கொடுத்துக்கொண்டும் காத்திருக்கிறார்.

அவளுக்கு விளங்கிய அந்தக் கணமே மண்டபத்தின் சுவர்கள் ஒரு முனகலோடு உள்ளே நகர்ந்தன. அவள் வெளியே ஓடிவந்தாள். ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு அவர் வாசலில் நின்றிருந்தார். அவளுடைய காலைப் பார்த்தார். காம்பவுண்டு முழுக்க சிமெண்டுத் தரை, அவள் பாதத்தில் மட்டும் செம்மண்.

"காலக் கழுவிக்குங்க அம்மிணி," என்றார் அவர், குரலில் கனிவு கொஞ்சமும் குறையாமல்.

அவள் கழுவவில்லை. வாசல் கேட் அவர் வீட்டை ஒட்டித்தான் இருந்தது, சுகந்தியை அந்த வழியாகக் கூட்டிக்கொண்டு ஓட முடியாது. இன்னும் ஒரு ராத்திரி மறைத்து வைக்கவும் இடமில்லை. தன் வீட்டுக்குள் போய் அறைக்குள் குனிந்து, அந்தப் பெண்ணின் காதில் தான் பார்த்ததை இரண்டே வார்த்தையில் சொன்னாள். சுகந்தி நம்பாமல் பார்த்தாள், பிறகு நம்பினாள், அப்போது அவள் முகத்தில் ஏதோ ஒன்று அணைந்துபோனது. அவளுடைய கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு துளசிமணி நேராகக் குழாயடிக்கு நடந்தாள். அங்கே எல்லா வீட்டுக்காரர்களும் குடங்களோடு வரிசையில் நின்றிருந்தார்கள்.

"இது சுகந்தி," என்றாள் துளசிமணி. "என்னோட வேல செய்யற புள்ள. புடிச்சவனக் கட்டிக்கிச்சு. அதக் கொல்றதுக்குத் தேடறாங்க. ஆடியிலிருந்து எம்பட ஊட்டுலதான் இருக்குது."

அவள் வீட்டுக்குள் கட்டில் சரிந்து விழும் சத்தமும் டம்ளர் உருளும் சத்தமும் கேட்டன. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற மனிதரைப் பார்த்துக் கேட்டாள்.

"கடைசி ஊட்டண்ணா, நீங்க யாருங்க?"

குடம் நிறைந்து தண்ணீர் வழிந்தது, குழாயை மூட யாருக்கும் கை எழவில்லை. இத்தனை மாசத்தில் அந்தக் காம்பவுண்டில் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. அவர் வருத்தப்படுவதைப் போலத் தலையை ஆட்டினார். இங்கே கேட்கிற பழக்கமில்லையே என்றார். அதை நம்பித்தானே எல்லாரும் ஆளுக்கொரு அறை வைத்துக்கொண்டு மானமாகக் குடியிருக்கிறோம் என்றார். தானும் இத்தனை நாளாகக் கண்ணை மூடிக்கொண்டு இருக்கவில்லை, ஒவ்வொரு வீட்டிலும் என்ன இருக்கிறதென்று தனக்குத் தெரியும், அதனால்தான் அவரவர் பின்சுவரும் கொஞ்ச நாளாக நகர்கிறது என்றார்.

"கேட்டீங்கன்னா நானுஞ் சொல்ல வேண்டி வருமுங்க. ரோசிச்சுக் கேளுங்க."

எல்லோரும் குனிந்து தத்தம் குடங்களைப் பார்த்தார்கள். துளசிமணி சுகந்தியின் கையை விடவில்லை. பத்து வீட்டு ஜனமும் ஒரே நேரத்தில் தத்தம் பின்சுவரை நினைத்துக்கொண்டு நிற்பதை அவளால் பார்க்க முடிந்தது. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. அவளும் நேற்று வரைக்கும் அப்படித்தான் நின்றாள்.

வரிசையின் கடைசியில் ஆறுச்சாமி குடத்தைக் கீழே வைத்தான். சுகந்தியைப் பார்த்தான், துளசிமணியைப் பார்த்தான். அவன் முகத்தில் அழுகையா சிரிப்பா என்று தெரியாத ஒன்று வந்து போயிற்று. நீலக் கைகளை லுங்கியில் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"பேரென்னங்க?" என்று கேட்டான்.

"ஆறுச்சாமி, உம்பட சம்சாரம் உள்ளுக்குள்ள ஒருத்தன வெச்சிருக்கறாள்னு நெனச்ச. ராத்திரி ஷிப்டுன்னு சொல்லிப்போட்டுப் பஸ் ஸ்டாண்டுல போய் உக்காந்து அழுதுட்டிருந்த. நான் பாத்தேன்," என்றார் அவர்.

அடுப்புக்கு மேலே அவனுக்கென்று ஒரு சின்ன மாடம் இருந்ததே துளசிமணிக்கு அதுவரை தெரியாது. அது மூடிக்கொண்டு, உள்ளிருந்த பீடிக்கட்டும் அவளுடைய பழைய ஃபோட்டோ ஒன்றும் தரையில் விழுந்ததை அவள் பிறகுதான் பார்த்தாள்.

"ஆமாங்க," என்றான் ஆறுச்சாமி. "அழுதுட்டுத்தான் இருந்தேன். பேரென்னங்க?"

கடைசி வீட்டுக்குள் எதுவோ இடிந்தது. வாசற்படியில் ஒரு கைப்பிடி செம்மண் வந்து விழுந்தது.

பாவாத்தாள் தன் இரண்டு பெண்களையும் இழுத்து இடுப்போடு அணைத்துக்கொண்டாள். என்ன வரப்போகிறதென்று அவளுக்குத் தெரிந்திருந்தது. கேட்பதற்கு முன்னாலேயே அவள் கண் நிறைந்துவிட்டது.

"எந்தூருங்க?"

"உம்பட ஊட்டுக்காரரு துபாயில இல்ல. ஜெயில்ல இருக்கறாரு."

அரிசி மூட்டை விழும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. பெரிய பெண் நிமிர்ந்து தாயின் முகத்தைப் பார்த்தாள். பாவாத்தாள் அவள் தலையைத் தடவிக்கொண்டே, ஆமாங்க, ஜெயில்லதான் இருக்கறாரு, எந்தூருங்க என்று மறுபடியும் கேட்டாள். குரல் உடைந்துதான் வந்தது, ஆனாலும் கேட்டாள்.

ஆறாம் வீட்டுக் கட்டிங் மாஸ்டர் மருதாசலம் பேசாமல் திரும்பித் தன் வீட்டுக்குள் போய்த் தாழ்போட்டுக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, பிழைப்பு போகிற விஷயம். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜன்னல் திறந்தது. குலசாமி எந்தக் கோயிலுங்க என்று உள்ளேயிருந்து கேட்டார். அவருடைய வலது கண்ணில் பார்வை போய்விட்டதென்றும், கம்பெனிக்குத் தெரியாமல் ஒற்றைக் கண்ணோடுதான் துணி வெட்டிக்கொண்டிருக்கிறார் என்றும் அந்த மனிதர் ஊருக்கே கேட்கும்படி சொன்னார். மாஸ்டர் வீட்டில் தையல் மிஷின் கவிழ்ந்தது. ஆமாங்க, குலசாமி எங்கீங்க என்றார் மாஸ்டர். இரண்டாம் வீட்டுக் கிழவனும் கிழவியும் கைகோத்துக்கொண்டு வந்து கேட்டார்கள், தாலி கட்டாமல் நாற்பது வருஷம் வாழ்ந்ததை ஒத்துக்கொண்டார்கள், மறுபடியும் கேட்டார்கள். மற்ற வீடுகளும் ஒவ்வொன்றாக அப்படியே கேட்டன. கிட்டம்மாளைச் சொல்லவே வேண்டாம். ஒரு வருஷத்துக் கேள்விகள் அவள் வயிற்றில் அடைபட்டுக் கிடந்தன. அப்பா பேரென்ன, எத்தனை அண்ணந்தம்பி, எந்த பஸ்ஸில் வந்தீங்க, எதுக்கு வந்தீங்க, அந்தக் கச்சாயத்தை யார் சுட்டாங்க என்று அவள் மடை திறந்தாற்போலக் கேட்டாள். அவளைப்பற்றிச் சொல்வதற்கு அவரிடம் ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு கேள்விக்கும் கடைசி வீடு ஒரு தரம் முனகியது, ஒவ்வொரு முனகலுக்கும் வாசலில் மண் கூடியது. அவருடைய வேட்டிக் கரையில் சிவப்பு ஏறியது.

அப்போது சுகந்தி துளசிமணியின் கையை விட்டுவிட்டு முன்னால் போனாள். துளசிமணி பிடிக்கப் பார்த்தாள், அந்தப் பெண் நிற்கவில்லை.

"மாமா," என்றாள். "உங்க மடியில உக்கார வெச்சுத்தானுங்க எனக்குக் காது குத்துனாங்க. அழுவக் கூடாது கண்ணுன்னு எங்கண்ணப் பொத்திட்டிருந்தீங்கன்னு அம்மா சொல்லும். அந்தக் குழி யாருக்குங்க மாமா?"

அவர் வாயைத் திறந்தார். அவளைப்பற்றிச் சொல்ல அவருக்கு எந்த ரகசியமும் மிச்சமில்லை. கண்ணைப் பொத்திய அந்தக் கை தன்பாட்டுக்கு மேலே எழுந்தது, பாதியில் நின்றது.

"உங்கம்மாளுக்கு ஒண்ணுந் தெரியாது கண்ணு," என்றார். "உன்னையக் கூட்டிட்டு வாறேன்னுதான் சொல்லிட்டு வந்தேன்."

அவ்வளவுதான். இரட்டைக் கதவு தெறித்தது. மண்டபம் முழுவதிலும் கிடந்த செம்மண் ஒரே வீச்சில் வாசல் வழியாக வெளியே பாய்ந்தது, மண்வெட்டியும் பட்டுச்சேலையும் குங்குமச்சிமிழும் மாலையும் அதோடு உருண்டு வந்து குழாயடி வரைக்கும் பரவின. அவர் முழங்கால் வரை மண்ணில் புதைந்து நின்றார். ஓடப் பார்க்கவில்லை. முதல் கேள்விக்குப் பதில் சொல்வதைப்போல, பேரு தெய்வசிகாமணிங்க, இந்தப் புள்ளைக்குத் தாய்மாமன் என்று சொன்னார்.

போலீஸ் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனது. மண்ணை அள்ளிப் பள்ளத்தில் கொட்டக் காம்பவுண்டே பல நாள் பாடுபட்டது. மாஸ்டருக்கு வேலை போயிற்று, வாசலில் மிஷின் போட்டு கிழிசல் துணி தைக்கத் தொடங்கினார். பாவாத்தாளின் பெரிய பெண் பல நாள் தாயோடு பேசவில்லை. ஜெயிலுக்கு எந்த பஸ்ஸில் போக வேண்டும் என்றுதான் பிறகு முதலில் கேட்டாள். பின்சுவர்கள் அநேகமாக எல்லாம் மொட்டையாக நின்றன. பெண்கள் பழையபடி திரும்பிக்குங்க என்று சொல்லிச் சேலை மாற்றினார்கள். அறை போன ஆத்திரத்தில் துளசிமணியைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொண்டவர்களும் உண்டு, அவள் அதைப் பொறுத்துக்கொண்டாள். சுகந்தி இப்போது முன்னறையில் துளசிமணியின் பக்கத்தில் படுத்தாள். ஆறுச்சாமி வாசலில் பாயைப் போட்டுக் கதவுக்குக் குறுக்கே படுத்தான்.

கார்த்திகையில் அந்தப் பையன் வந்தான். பட்டப்பகலில் சுகந்தி கிளம்பினாள். பத்து வீடும் அவளைச் சுற்றி நின்றுகொண்டது, கேள்விகள் நாலா பக்கமும் பறந்தன. கட்டுச்சோறு புளியா தயிரா, வீட்டில் எத்தனை ஜன்னல், தண்ணி தினமும் வருமா, மாடியா கீழா, மாமியார் பேசுகிறாளா, வளைகாப்புக்குச் சொல்வாயா, இந்தச் சேலை எந்தக் கடையில் எடுத்தது என்று அவளை மூச்சுவிட விடாமல் கேட்டார்கள். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் சிரித்துச் சிரித்துப் பதில் சொன்னாள். கிட்டம்மாள் கேட் வரைக்கும் கூடவே நடந்து கேட்டுக்கொண்டே போனாள். ஆட்டோ கிளம்பித் தெரு முனையில் திரும்பி மறையும்வரை கையசைத்துக்கொண்டு நின்றார்கள். எந்த ஊருக்குப் போகிறாய் என்று மட்டும் அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.